கப்பலின் வலம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் ஆற்றிய உரை)





இவ்விழாவில் இளைஞர் சார்பில் ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, சமூகத் தொண்டு, நற்பண்பு போன்ற பெரிய விடயங்களுள் ஒன்றையே நாம் எடுத்துக்கொள்வோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்டதோ ஒரேயொரு சொல். அதுவும் தமிழ்ச் சொல் அன்று. ஆங்கில மாலுமிகளின் சொல். 'ஸ்டார்போட்' என்பது அது. கப்பலின் ஒரு பக்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர். பல்கலைக்கழகத்துப் பிள்ளை கப்பற்கலை படிக்கவில்லையே, இச்சொல்லோடு இவருக்கு என்ன அலுவல் என்று நீங்கள் வியக்கலாம். அதற்குக் காரணம் ஒரு கண்ணாடி அலுமாரி.

சென்ற ஆண்டு எமது வாசிகசாலைக்குப் புத்தக அலுமாரி ஒன்று வந்திறங்கியதை உங்களிற் பலர் அறிவீர்கள். அதனை வாசலால் உள்ளே கொண்டுசெல்லும் பணி எமக்கும் இன்னொரு நண்பருக்கும் வாய்த்தது. அவர் முன்னால் நின்று பின்னோக்கி நடந்தார். நாம் பின்னால் நின்று முன்னோக்கி நடந்தோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, நடுவில் அலுமாரி. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், வாசல் நிலையில் அது உரசப்போவதைக் கண்டு, "தம்பிமார், வலப்பக்கமாய்ச் சரியுங்கோ" என்று சத்தமிட்டார். நாம் எமது வலப்பக்கம் சரிந்தோம். நண்பர் தமது வலப்பக்கம் சரிந்தார். எதிரெதிராக நிற்பவர் இருவர் தத்தம் வலப்பக்கம் சரிந்தால் நடுவிலுள்ள பொருளுக்கு என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அலுமாரி முறுகித் திரும்பியது. அதன் கண்ணாடி நிலையில் மோதிச் சுக்குநூறாயிற்று.

கண்ணாடி போனதோடு காரியம் முடிந்திருந்தால் நாம் இன்று இதைப் பேசமாட்டோம். "இந்தக் காலத்துப் பிள்ளையள் சொல்வழி கேளாதுகள்" என்று பெரியவர் வருந்தினார். "கேட்டபடியால்தான் ஐயா உடைந்தது" என்று நாம் விடை சொன்னோம். வார்த்தை வளர்ந்தது. அதன்பின் மூன்று கிழமை நாம் வாசிகசாலைப் படியை மிதிக்கவில்லை. அம்மூன்று கிழமையும் எமது மனத்தில் இருந்தது ஒரேயொரு நியாயம்: "நாம் வலப்பக்கந்தான் சரிந்தோம்." அது உண்மை. நண்பரும் வலப்பக்கந்தான் சரிந்தார், அதுவும் உண்மை. பெரியவரும் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் உண்மையே நடந்தும் கண்ணாடி உடைந்தது எப்படி? இவ்வினாவுக்கு விடை தேடியபோதே ஸ்டார்போட் என்னும் சொல் எமது நினைவுக்கு வந்தது.

அச்சொல்லை நாம் முதன்முதற் கண்டது மிஷன் பாடசாலையிற் கீழ்வகுப்பிற் படித்த காலத்தில். ஆங்கில வாசிப்புப் புத்தகத்திலே கடற்பிரயாணக் கதையொன்று வந்தது. கருத்துக் கூறுக என்ற பகுதியில் இச்சொல்லும் இருந்தது. 'ஸ்டார்' என்றால் நட்சத்திரம். 'போட்' என்றால் பலகை. ஆகவே 'மாலுமிகள் இரவில் நட்சத்திரம் பார்க்கும் பலகை' என்று துணிந்து எழுதினோம். ஆசிரியர் அதனை வகுப்பு முழுவதும் கேட்க வாசித்தார். பிறகு சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, கரும்பலகையிலே ஒரு கப்பலை மேலிருந்து பார்ப்பதுபோலக் கீறி, அதன் வலப்பக்க விளிம்பைக் காட்டினார். அன்று நாம் விளங்கிக்கொண்டது பாதி. மற்றப் பாதியை விளங்க ஓர் அலுமாரி உடையவேண்டியதாயிற்று.

கப்பலின் முற்பகுதியை எமது கடலோடிகள் அணியம் என்பர். கப்பலின் பின்புறத்தில் நின்று அணியத்தை நோக்கும்போது வலக்கைப் பக்கமாக எது அமைகின்றதோ அதுவே ஸ்டார்போட். இடக்கைப் பக்கம் 'போர்ட்' எனப்படும். அப்படியாயின் வலம், இடம் என்று சொன்னாற் போதாதா? போதாது. கப்பலில் உள்ளவன் எப்போதும் அணியத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஒருவன் பின்னோக்கி நின்று கயிறு இழுப்பான். ஒருவன் குறுக்கே நின்று பாய் சுருட்டுவான். ஒருவன் பாய்மர உச்சியிலிருந்து நாற்றிசையும் பார்ப்பான். அவன் திரும்பத் திரும்ப அவனுடைய வலமும் திரும்பும். ஸ்டார்போட் திரும்பாது. அது பார்ப்பவனுடைய வலம் அன்று, கப்பலின் வலம். இருட்டிலும் மழையிலும் எத்திசை நோக்கி நிற்பவனுக்கும் அது ஒரே பக்கம்.

இக்கருத்து எமக்குப் புதியதன்று. அர்த்தநாரீசுவர மூர்த்தத்தைத் தரிசித்திருக்கின்றோம். வலப்பாகம் சிவன், இடப்பாகம் உமை என்றே சிறுபிள்ளையும் சொல்லும். ஆனால் சந்நிதியில் நின்று பார்க்கும்போது சிவபாகம் எமது இடக்கைப் பக்கமாக அல்லவா தோன்றுகின்றது? எனினும் அதனை இடப்பாகம் என்று சொல்வார் எவருமிலர். அங்கே எமது கையைக்கொண்டு அளப்பதில்லை. மூர்த்தியின் வலத்தையே வலம் என்கின்றோம். வைத்தியரும் அவ்வாறே. நோயாளிக்கு எதிரே இருந்து எழுதினாலும் 'வலக் கால்' என்று அவர் எழுதுவது நோயாளியின் வலக் காலையே. தம்முடைய வலத்தை நினைந்து சத்திரசிகிச்சை செய்தால் என்னாகும்! மாலுமி செய்ததும் இதுவே. தன் வலத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கப்பலின் வலத்துக்குத் தனிப் பெயர் சூட்டினான்.

இனி இப்பெயர் பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இதற்கும் நட்சத்திரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டேயோர்' என்பது கப்பலைச் செலுத்துதலைக் குறித்தது. 'போர்ட்' என்பது கப்பலின் பக்கத்தைக் குறித்தது. செலுத்தும் பக்கம் என்பதே சொல்லின் பொருள். வட ஐரோப்பாவிலே பண்டைக் கப்பல்களுக்கு இக்காலத்தைப்போலப் பின்புறத்தின் நடுவிற் சுக்கான் இருக்கவில்லை. பெரிய துடுப்பொன்றைப் பின்புறத்தின் வலப்பக்கத்திலே கட்டி அதனாற் கப்பலைத் திருப்பினர். பெரும்பாலான மக்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களாதலின் துடுப்பும் வலப்பக்கத்தில் அமைந்தது. நோர்வே நாட்டில் 1880ஆம் ஆண்டிற் கொக்ஸ்ராட் என்னுமிடத்திலும், 1904ஆம் ஆண்டில் ஒசபேர்க் என்னுமிடத்திலும் மண்மேடுகளுக்குள் இருந்து வெளிப்பட்ட வைக்கிங் கப்பல்கள் இதற்குக் கண்கண்ட சாட்சி. ஒசபேர்க் கப்பல் ஏறக்குறைய 21.5 மீற்றர் நீளமானது, கி.பி. 834ஆம் ஆண்டளவிற் புதைக்கப்பட்டது. அதன் திசைத் துடுப்பு வலப்பக்கத்திலேயே இருந்தது.

பின்னாளில் நடுச் சுக்கான் வழக்குக்கு வந்தது. ஜெர்மனியிலே பிரேமன் நகருக்கு அண்மையில் 1962ஆம் ஆண்டில் ஆற்றிலிருந்து வெளிப்பட்ட கப்பல் 1380ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. அதிற் சுக்கான் பின்புறத்தின் நடுவுக்கு வந்துவிட்டதைக் காணலாம். துடுப்பு வலப்பக்கத்தை விட்டு அகன்றது. ஆனால் அப்பக்கத்தின் பெயர் மாறவில்லை. செலுத்தும் பக்கம் என்ற பொருள் மறைந்து, கப்பலின் வலம் என்ற பயன் மாத்திரம் நிலைத்தது.

இடப்பக்கத்தின் கதை வேறு. வலப்பக்கத்தில் துடுப்பு இருந்தமையால், துறைமுகத்திலே கப்பலை இடப்பக்கமாகவே அணைத்துக் கட்டினர். அல்லாவிட்டால் துடுப்பு நசுங்கிவிடும். சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் அப்பக்கத்தால் நடந்தன. ஆதலின் ஏற்றும் பக்கம் என்னும் பொருள்பட அது 'லார்போட்' என்று வழங்கியது. இங்கேதான் ஆபத்து வந்து சேர்ந்தது. ஸ்டார்போட், லார்போட் என்ற இரண்டையும் நீங்களே சொல்லிப் பாருங்கள். ஈறு இரண்டும் ஒன்றே. அமைதியான மண்டபத்திலேயே செவி தடுமாறும். புயற்காற்றில், பாய் படபடக்க, அலை மோத, பின்புறத்திலிருந்து ஒருவன் கத்தும் சொல்லின் கடைசி அசை மட்டும் முன்னே நிற்பவன் காதில் விழுந்தால் அவன் எப்பக்கம் என்று கொள்வான்? உயிருக்கும் சாவுக்கும் இடையில் ஓர் எழுத்து நின்றது.

ஆகவே 1844ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் லார்போட் என்ற சொல்லை நீக்கி, அதற்குப் பதிலாகப் போர்ட் என்ற சொல்லையே வழங்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 1846ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையும் அவ்வழியைப் பின்பற்றியது. துறைமுகத்தைத் தொட்டு நிற்கும் பக்கமாதலின் போர்ட் என்ற பெயர் பொருத்தமாயிற்று. பல நூற்றாண்டாக முன்னோர் நாவிற் பழகிய சொல். பாட்டிலும் கதையிலும் ஏறிய சொல். பழமை என்பதற்காக அதனை அவர்கள் வைத்திருக்கவில்லை. பழமை என்பதற்காக ஸ்டார்போட்டை எறியவுமில்லை. இரண்டில் எது கேட்பவனைக் குழப்புகின்றது என்று ஆராய்ந்து, அதை மாத்திரம் மாற்றினர். முதியோரும் இளையோரும் கூடியிருக்கும் இச்சபையிலே இது சிந்திக்கத்தக்கது என்பது எமது அபிப்பிராயம்.

பெயர் திருந்திய பின்னும் ஒரு பெருங் குழப்பம் எஞ்சி நின்றது. அது பக்கத்தின் பெயரைப் பற்றியதன்று, ஆணையைப் பற்றியது. சுக்கானைத் திருப்புவதற்கு அதன் தலையிலே ஒரு கோல் பொருத்தப்பட்டிருக்கும். கோலை வலப்பக்கம் தள்ளினால் நீருக்குள் இருக்கும் சுக்கான் அலகு இடப்பக்கம் திரும்பும். கப்பலும் இடப்பக்கம் திரும்பும். பழைய காலத்திலே தலைவன் கொடுத்த ஆணை கோலுக்கு உரியது. 'ஸ்டார்போட்' என்று அவன் ஆணையிட்டால் கோலை வலப்பக்கம் தள்ளு என்பதே கருத்து. அதன் பயனாகக் கப்பல் இடப்பக்கம் போகும். பின்னர் கோல் போய்ச் சுக்கான் சில்லு வந்தது. எனினும் ஆணை மாறவில்லை. கையிலே கோல் இல்லை. ஆனால் ஆணை மட்டும் இல்லாத கோலைப் பார்த்து இடப்பட்டது.

இதன் பிரசித்தமான உதாரணம் டைட்டானிக் கப்பல். 1912ஆம் ஆண்டு ஏப்பிரில் 14ஆந் திகதி இரவு 11.40 மணியளவில் எதிரே பனிமலை தோன்றியபோது, மேல்தளத்திற் கடமையிலிருந்த முதல் அதிகாரி மேடொக் கொடுத்த ஆணை, முற்றாக ஸ்டார்போட் திருப்புக என்பது. கப்பலின் அணியமோ இடப்பக்கம் திரும்பியது. அதுவே அவர் விரும்பியது. அக்கால வழக்குப்படி ஆணையும் செயலும் சரியே. ஆனால் விலகுவதற்கு இடமும் நேரமும் போதவில்லை. பனிமலை கப்பலின் ஸ்டார்போட் பக்கத்தை உரசிச் சேதப்படுத்தியது. ஏறக்குறைய 1500 பேர் மாண்டனர். அழிவுக்குச் சொல் காரணமன்று. எனினும், சுக்கான் பிடித்தவர் ஆணையைத் தவறாக விளங்கிக் கப்பலை மறுபக்கம் திருப்பிவிட்டார் என்று 2010ஆம் ஆண்டில் ஒரு கதை எழுந்தது. விசாரணையிற் பதிவான சாட்சியம் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தும் அப்படியொரு கதை நம்பத்தக்கதாகத் தோன்றியதற்கு, வலம் என்று சொல்லி இடத்தைக் கருதிய அந்த வழக்கே காரணம்.

1929ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய கடலுயிர்ப் பாதுகாப்பு மகாநாடு இதற்கு முடிவு கட்டியது. இனிமேல் ஸ்டார்போட் என்றால் கப்பலே ஸ்டார்போட் பக்கம் திரும்பவேண்டும் என்று நாடுகள் உடன்பட்டன. 1933ஆம் ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயுள் முழுவதும் பழைய முறையிற் பழகிய மாலுமிக்கு அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை இடம் என்று பொருள்பட்ட ஆணை இன்று வலம் என்று பொருள்படுகின்றது. ஆயினும் கற்றார்கள்.

அடுத்து, இரவிலே கப்பலின் வலமும் இடமும் எப்படித் தெரியும்? ஸ்டார்போட் பக்கத்திற் பச்சை விளக்கும், போர்ட் பக்கத்திற் சிவப்பு விளக்கும் ஏற்றப்படுகின்றன. 1848ஆம் ஆண்டிற் பிரித்தானியா தன் நீராவிக் கப்பல்களுக்கு இதனை விதித்தது. இன்று உலகம் முழுவதற்கும் இதுவே விதி. வானூர்தியும் இதனையே கடன்வாங்கியது. இரவிலே பறக்கும் விமானத்தை உற்றுப் பாருங்கள். வலச் சிறகின் நுனியிற் பச்சையும் இடச் சிறகின் நுனியிற் சிவப்பும் மின்னும்.

நிறத்தை நினைவில் வைப்பதற்கு நாம் ஒரு வழி கண்டுகொண்டோம். மீண்டும் அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் நில்லுங்கள். சிவன் செம்மேனியன், உமை பச்சை நிறத்தவள். பார்க்கும் எமக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கப்பலைச் செலுத்தும் ஒருவன் அணியத்தை நோக்கி நின்றால் அவனுக்கும் தன் கப்பலில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நிறங்கள் இடம் மாறி, சிவப்பு வலத்திலும் பச்சை இடத்திலுமாக ஒருங்கே எதிரே தோன்றுமாயின், ஒரு கப்பல் எம்மை நேர்நோக்கி வருகின்றது என்பது பொருள்.

அப்பொழுது செய்யவேண்டியது யாது? 1972ஆம் ஆண்டில் உருவாகி 1977ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதற் தடுப்பு விதிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. இயந்திரக் கப்பல்கள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் தத்தம் ஸ்டார்போட் பக்கம் திரும்பவேண்டும். குறுக்கே வரும் கப்பல் எவனுக்கு ஸ்டார்போட் பக்கத்தில் இருக்கின்றதோ அவனே விலகி வழிவிடவேண்டும். அந்நேரம் அவன் காண்பது மற்றக் கப்பலின் சிவப்பு விளக்கை; மற்றவன் காண்பது இவனுடைய பச்சை விளக்கை. பாய்க் கப்பல்களுக்கும் இவ்வாறே. ஒன்றுக்குக் காற்று ஸ்டார்போட் பக்கத்திலிருந்தும், மற்றதற்குப் போர்ட் பக்கத்திலிருந்தும் வீசுமாயின், போர்ட் பக்கத்திற் காற்றைப் பெறும் கப்பல் விலகவேண்டும். யார் பெரியவர், யார் விலையுயர்ந்த சரக்கு ஏற்றியவர், எந்நாட்டுக் கொடி என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

ஊன்றிக் கவனித்தால் ஒரு புதுமை தெரியும். எதிரெதிரே வரும் இருவரும் தத்தம் வலப்பக்கம் விலகுவதனாற் கப்பல்கள் தப்புகின்றன. அதே செயலால் எமது அலுமாரி உடைந்தது. வேறுபாடு யாது? இரண்டு கப்பல்கள் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தன் வலம் உண்டு. நாமோ இருவரும் ஒரே பொருளைத் தாங்கினோம். ஒரே பொருளைத் தாங்குவோர் பலராயின் அவர்களுக்கு வலம் ஒன்றுதான் இருக்கலாம். அது அப்பொருளின் வலம்.

கப்பல்கள் தனித்தனியாயினும், விதியிலே இருவருக்கும் மனம் ஒன்றாக வேண்டும். ஒன்றாகாதபோது நேர்ந்ததை 1956ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி இரவு உலகம் கண்டது. அத்திலாந்திக் சமுத்திரத்திலே, அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவுக்கு அப்பால், இத்தாலிய நாட்டு 'அந்திரேயா டோரியா' என்ற கப்பலும் சுவீடன் நாட்டு 'ஸ்ரொக்ஹோம்' என்ற கப்பலும் எதிரெதிரே வந்தன. மூடுபனி இருந்தது, ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று ரேடாரிற் கண்டுவிட்டன. ஒரு கப்பல், ஸ்டார்போட் பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கக் கடந்துபோகலாம் என்று கருதி இடப்பக்கம் ஒதுங்கியது. மற்றது, வழக்கம்போற் போர்ட் பக்கங்கள் நோக்கக் கடக்கலாம் என்று கருதி வலப்பக்கம் திரும்பியது. ஒவ்வொன்றும் தான் விலகிச் செல்வதாகவே நினைத்தது. இரண்டும் ஒரே பக்கத்துக்கே விலகின. ஸ்ரொக்ஹோமின் அணியம் அந்திரேயா டோரியாவின் ஸ்டார்போட் பக்கத்தைத் துளைத்தது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தனர். மறுநாட் காலை அந்திரேயா டோரியா கடலுள் ஆழ்ந்தது. கருவி இருந்தது, கண்டும் இருந்தனர், இருவருக்கும் பொதுவான ஒரு முடிவு மாத்திரம் இருக்கவில்லை.

உலகம் முழுவதும் இவ்விடயத்தில் இன்று ஒன்றாகிவிட்டது என்று சொல்லவும் நாம் துணியோம். துறைமுக வாயிலின் இருமருங்கிலும் மிதவைகளைக் கட்டி வழிகாட்டுவர். கடலிலிருந்து துறைமுகத்துள் நுழையும்போது இலங்கை, இந்தியா, ஐரோப்பா முதலிய இடங்களிலே சிவப்பு மிதவை போர்ட் பக்கத்திலும் பச்சை மிதவை ஸ்டார்போட் பக்கத்திலும் நிற்கும். அமெரிக்காக் கண்டத்திலும் யப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் இது தலைகீழ். 1980ஆம் ஆண்டில் நாடுகள் கூடி ஆராய்ந்தும் இரண்டையும் ஒன்றாக்க இயலவில்லை. உலகை இரண்டு பிரதேசமாகப் பிரித்து, எப்பிரதேசத்தில் எம்முறை என்று எழுதிவைத்தனர். ஒற்றுமை முழுதாகக் கிட்டாதபோது, வேற்றுமையையாவது மறைக்காமல் எல்லோரும் அறிய எழுதிவைப்பது அடுத்த நன்மை.

இறுதியாக, சுக்கான் பிடிப்பவனுடைய ஒரு வழக்கத்தைக் கூறி எமது கருத்தை முடிக்க விரும்புகின்றோம். மேலதிகாரி 'ஸ்டார்போட் பத்து' என்று ஆணையிடுவார். பத்துப் பாகை திருப்புக என்பது கருத்து. சுக்கான் பிடிப்பவன் உடனே திருப்பிவிடுவதில்லை. 'ஸ்டார்போட் பத்து' என்று அதே சொற்களைத் திருப்பிச் சொல்வான். சொல்லிய பின்பே திருப்புவான். 2001ஆம் ஆண்டிற் சர்வதேச கடல்சார் நிறுவனம் ஏற்றுக்கொண்ட தொடர்பாடற் சொற்றொகுதியும் இதனை வலியுறுத்துகின்றது. மேலதிகாரியின் சொல்லில் ஐயம் கொண்டு அவன் இதனைச் செய்யவில்லை. தான் கேட்டது அவர் சொன்னதுதானா என்று தன் செவியையே சோதிக்கின்றான். மேலதிகாரியும் அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. திருப்பிச் சொல்லாவிட்டாற்றான் வருந்துவார்.

அன்று வாசற்படியில் நாம் செய்யத் தவறியது இதுவே. "ஐயா, ஆருடைய வலம்?" என்ற மூன்று சொற்களைக் கேட்க எமக்குத் தோன்றவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணியிருக்கலாம். அல்லது, எமது வலமே உலகத்துக்கு வலம் என்று எண்ணியிருக்கலாம். பின்னையதே உண்மை என்று இன்று ஒப்புக்கொள்கின்றோம்.

சங்கம் என்பதும் பலர் சேர்ந்து தாங்கும் ஒரு பொருள். அதிலே சிலர் முன்னோக்கி நிற்பர். சிலர் வந்த வழியைப் பார்த்து நிற்பர். முதியோர் தாம் கண்ட காலத்தை நோக்கிப் பேசுகின்றனர். இளையோர் காணப்போகும் காலத்தை நோக்கிப் பேசுகின்றனர். இரு சாராரும் எதிரெதிராக நிற்பதனால் ஒருவர் வலம் மற்றவருக்கு இடமாகவே தோன்றும். இதிற் குற்றம் எவர்க்குமில்லை. கப்பலில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றாற் கப்பல் ஓடாது; பின்னால் வருவதைப் பார்ப்பவனும் வேண்டும். வேண்டியது யாதெனில், ஒரு தீர்மானம் எடுக்கும்போது, இது எமது வலமா, சங்கத்தின் வலமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வதும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதுமே.

ஸ்டார்போட் என்பதைத் தமிழில் வலப்பக்கம் என்று மாத்திரம் பெயர்ப்பது போதாது என்பது எமது எண்ணம். அப்படிப் பெயர்த்தால், எதனை நீக்குவதற்கு அச்சொல் பிறந்ததோ அக்குழப்பமே திரும்பி வந்துவிடும். 'கப்பல்வலம்' என்றும், போர்ட் என்பதைக் 'கப்பலிடம்' என்றும் சொல்லலாமா என்று இங்குள்ள தமிழறிஞர்களைப் பணிவுடன் கேட்கின்றோம். 'கப்பலிடம்' என்பது வேறு பொருளும் தருமாதலின் அதனினும் நல்ல சொல் அவர்கள் தருவார்களாயின் மகிழ்ச்சியுடன் ஏற்போம். லார்போட்டை விட்டவர்கள் போர்ட்டை ஏற்றதுபோல.

அன்று எமக்கு வழிசொல்லிய பெரியவர் இன்று முன்வரிசையில் இருக்கின்றார். அவர் எம்மைப் பார்த்தபடி இருக்கின்றார். நாம் அவரைப் பார்த்தபடி நிற்கின்றோம். அவருடைய வலம் எமக்கு இடம். ஐயா, அன்று நாம் பேசிய வார்த்தைக்காக இச்சபை அறிய மன்னிப்புக் கோருகின்றோம். அலுமாரிக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதனைப் பொருத்தவேண்டும். தாங்கள் வந்து பக்கத்தில் நின்று சொல்லித்தாருங்கள். தாங்கள் சொன்னதை நாம் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தூக்குவோம்.